மாமா கொடுத்த கட்டளை

நெட்வொர்க் சுவிட்ச் மூன்றாவது முறையாகச் செயலிழந்து விழுந்தபோது மணி பத்தேகால். இருபத்தாறு கணினிகளையும் இணைக்கும் அந்தப் பெட்டி விழுந்ததும் கிளை அலுவலகமே வாயடைத்துப் போனது.

பெட்டியைப் பராமரிப்பவர் மாப்பிள்ளை. கிளைத் தலைவர் அவருடைய மாமனார். உறவு முறையில் வந்த வேலை என்று ஊழியர்கள் முணுமுணுப்பது இருவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆகவே அந்தப் பெட்டி நிமிர்ந்து நிற்பது குடும்ப மானத்தைச் சேர்ந்த விஷயம்.

"யாரால விழுந்துச்சுன்னு தலைமையகத்துல கேக்கறாங்க மாப்பிள்ளை. நாலு மணிக்குள்ள பேரோட எழுதிக் கொடுக்கணுமாம்."

"கொடுத்துடலாம் மாமா."

"நம்ம வீட்டு ஆளு பாக்கற மிஷின். தலைகுனிய வச்சிடாதீங்க."

சுவிட்ச் விழும்போதெல்லாம், எதனால் விழுந்தேன் என்று ஒரு பதிவை எழுதிவைத்துவிட்டே விழும். மனிதர்களிடம் காணாத ஒழுக்கம். மாப்பிள்ளை மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, காலையிலிருந்து செய்ததுபோலவே பதிவு முழுவதையும் காட்டும்படி கட்டளை தட்டினார். பத்து வரி ஓடியது. சுவிட்ச் நான்காவது முறையாக விழுந்தது.

அது எழுந்ததும், உஷாராக ஒவ்வொரு பதிவிலும் கடைசி இரண்டு வரிகளை மட்டும் கேட்டார். வந்தன.

கடைசிக் கட்டளை: பதிவு முழுவதையும் காட்டு.
கட்டளையிட்டவர்: மாமா.

ஆங்கில எழுத்துதான். ஆனாலும் வேறு மாதிரி படிக்க வழியில்லை. நான்கு பதிவுகளிலும் அதே கட்டளை, அதே பெயர்.

இதற்கு முன் இந்த வேலையைப் பார்த்தவள் மாமனாரின் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி. இப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். போகும்முன் அப்பாவுக்கும் கணவருக்கும் சுவிட்சில் கணக்குத் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் அவரவர் மடிக்கணினியிலேயே பதித்துவிட்டிருந்தாள். திரையைத் திறந்தால் நேரே உள்ளேதான்.

பெயரை எழுதிக் கொடுத்தால் மாமனாரின் மானம் போகும். மறைத்தால் தன் வேலை போகும். சத்தமில்லாமல் 'மாமா' கணக்கை நீக்கிவிடுவதென்று மாப்பிள்ளை தீர்மானித்து, நீக்கினார்.

அடுத்த நொடி திரை அவரை வெளியே தள்ளியது. மறுபடி தட்டினார். உள்ளே விடவில்லை. மாமனார் முந்திக்கொண்டார் என்று நினைத்து, நேரே அவர் அறைக்குப் போனார்.

"என்மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லியிருக்கலாம் மாமா. வேவு பாக்க வேணாம்."

"யாரு, யாரை?"

"நான் பதிவைத் திறக்கற அதே நொடி நீங்களும் திறக்கறீங்க. பெட்டி தாங்காம விழுது. இப்ப என்னையும் வெளிய தள்ளிட்டீங்க."

"அந்தக் கறுப்புத் திரை எந்தப் பக்கம் தொறக்கும்னே எனக்குத் தெரியாது. வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்க."

"அப்ப சுவிட்ச் பொய் சொல்லுதா?"

"அப்ப நான் சொல்றேனா?"

கண்ணாடிக்கு வெளியே, வேலை நின்றுபோன இருபத்தாறு பேரும் இதைவிட நல்ல வேலை கிடைத்த நிறைவோடு நின்றிருந்தார்கள். வீட்டு வழக்கு வீதிக்கு வரலாகாது. மாமனார் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, மகளைத் தொலைபேசியில் அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"உன் வீட்டுக்காரர் இங்க எதிர்ல நின்னு எம்மேல பழி போடறாரும்மா. அந்தப் பெட்டியில எனக்கு என்ன பேரு வச்ச?"

"அப்பான்னுதான்பா வச்சேன்."

"அப்ப மாமாங்கறது யாரு?"

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் ஓசை கேட்டது. பிறகு அவள் குரல்:

"என்ன மாமா, நான் உங்களைக் கூப்பிடற பேருகூடவா மறந்துபோச்சு?"