ஏழு இஞ்ச் உள்ளங்கை

பேரன்புள்ள வள்ளியூர் அத்தைக்கு,

சேரன்மகாதேவியிலிருந்து உங்கள் தம்பி மகள் சங்கரி பயந்துகொண்டே எழுதுவது. இங்கே அப்பா, அம்மா எல்லோரும் நலம், என் இரண்டு உள்ளங்கைகளைத் தவிர. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது, நீங்கள் பேசினால் அது சட்டைப்பைக்குள் இருந்தாலும் தெரு முழுக்கக் கேட்கும். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தை, மாவட்ட சைக்கிள் போட்டிக்குப் பள்ளியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெண்களுக்குப் பதினைந்து கிலோமீட்டர். பிளஸ் ஒன்னில் எல்லோருக்கும் கொடுத்த அதே சைக்கிளில்தான் டியூஷன் முடிந்ததும் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஓட்டிப் பழகினேன். அதன் கைப்பிடி கல்லுமாதிரி இருக்கும். நாலே நாளில் உள்ளங்கை கொப்பளித்து, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போய், வேதியியல் பரீட்சையில் பேனா தானாகக் கீழே விழுந்தது. அப்பா என் கையைப் பார்த்துவிட்டார். “சைக்கிள் பள்ளிக்கூடம் போகத்தான் குடுத்திருக்கு. இன்னொரு தடவ கையில காயத்தப் பாத்தேன்னு வையி, சாவிய ஆபீசுக்குக் கொண்டுபோயிருவேன்” என்றார். போட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை நான். விளையாட்டு ஆசிரியை பியூலா மிஸ்தான், மெத்தை வைத்த சைக்கிள் கையுறை போட்டால் கை தப்பிக்கும் என்றார்.

வெயிலில் கை கறுக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார இஸ்ரவேல் அண்ணாச்சி விரல் பாதி வெளியே தெரிகிற ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாக இருந்தது. அதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“வளருத பிள்ள அண்ணாச்சி. ரெண்டு சைஸ் பெருசா குடுங்க.”

“ஏம்மா, இது என்ன பாவாடையா, மடிச்சுத் தைக்கதுக்கு?”

“இப்பம் வாங்கினா கல்யாணம் வரைக்கும் வரணும்லா!”

என் சீருடையே இன்னும் மூன்று மடிப்பு பிரிக்க மிச்சமிருக்கிறது, அத்தை. கையுறை மட்டும் எப்படித் தப்பும்? ஆம்பளை கைக்கான சைஸ் வாங்கினோம். உள்ளங்கையில் இருக்கவேண்டிய மெத்தை மணிக்கட்டுக்கு வந்துவிட்டது, மீதித் துணி கைக்குள் சுருண்டு உறுத்தியது. கரையில் ஒரு ஆடு குறுக்கே வர, பிரேக் பிடித்தேன். கையுறை பிடித்தது, கை உள்ளேயே வழுக்கியது. நானும் சைக்கிளும் நாற்று வயலுக்குள் போய்விட்டோம். வயல்காரர் பெருமாள்ராஜ் வரப்பில் நின்று, “ஏ பிள்ள, நடவுக்கு ஆளுதான வரச் சொன்னேன், சைக்கிளயா சொன்னேன்?” என்று கேட்டார். பிறகு அவரே தூக்கிவிட்டார்.

மறுநாள் தனியாக டவுன் பஸ் ஏறி கடைக்குப் போனேன். “சேத்தோட கொண்டாந்தா எப்படி மாத்துவேன்?” என்றார் அண்ணாச்சி. ஆனால் என் கையைப் பார்த்ததும் இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டார். பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தார்: ஏழு இஞ்ச். அந்த அளவில் வேறொரு ஜோடியை மாட்டிவிட்டார். “மூடித் தொற. விரலிடுக்குல இழுக்கா? உள்ள மடிப்பு விழுதா?” கடை வாசலில் நின்ற சைக்கிளின் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். இழுக்கவில்லை, மடிப்பும் விழவில்லை. மெத்தை சரியாகக் கொப்பளத்தின் மேலேயே உட்கார்ந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சின்னதாயிற்று என்று அம்மா கேட்டாள், துவைத்ததில் சுருங்கிவிட்டது என்றேன். பாவம் அண்ணாச்சிக்குத்தான் அன்று முழுக்கத் திட்டு.

இப்போது பத்தமடை வரை போய்த் திரும்பினாலும் விரல் மரப்பதில்லை. ஜெயிப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா இந்த உலகத்தில் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். வியாழக்கிழமை வந்து அப்பாவிடம், “ஏலே குத்தாலம், போடுலே கையெழுத்த” என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் என் இரண்டு கைகளுக்கும் தனித்தனியாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சங்கரி

பி.கு.: காலையில் இதை உறையில் போடும்போது அப்பா பின்னால் நின்றார். வாங்கி, ஆபீஸ் கோப்பைப் படிப்பதுபோல மூன்று தடவை படித்தார். “பதினஞ்சு கிலோமீட்டரா? நீயாட்டி?” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பல் தேய்த்து வருவதற்குள் பால்காரருக்கும் எதிர்வீட்டுக்கும் சொல்லியாயிற்று. போட்டி அன்று ஸ்கூட்டரில் என் பக்கத்திலேயே வந்து “மிதிட்டி, மிதி” என்று சத்தம் கொடுக்கப்போகிறாராம். கூட வண்டி வந்தால் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்றேன், அதெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்கிறார். ஆகவே அத்தை, வியாழக்கிழமை வர வேண்டாம். அடுத்த வாரம் சனிக்கிழமைதான் போட்டி; அன்று விடியுமுன் வந்து, அப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.