இலை ஒட்டாத மரப்பட்டி

"கழட்டாதீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்..."

"இரு, இன்னும் ஒரே ஒரு ஆணி..."

"அது நம்ம பொண்ணு ரூம். அவளை ஒரு வார்த்தை கேட்காம..."

"நெஞ்சுல நீர் கோத்து ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவளைக் கேட்டுட்டா கழட்டுவாங்க?"

மனைவி சொல்லச் சொல்லவே அவர் கடைசி ஆணியையும் பிடுங்கிவிட்டார். கதவைச் சுற்றியும் சுவரடியிலும் ஓடிய பழைய மரப்பட்டிகள் எல்லாம் தரையில் கிடந்தன. சுவர் தோல் உரித்த மாதிரி நின்றது.

பால் பண்ணையில் கலப்படம் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். தண்ணீர் கலந்தவனையும் மாவு கலந்தவனையும் பிடித்துப் பிடித்து, எதையும் சும்மா விடாத கையாகிவிட்டது. ஆபீஸில் அவருக்குச் "சோதனை" என்றே பேர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் சொல்வாள்.

"பழைய வார்னிஷ்ல என்ன விஷம் இருக்கோ, யார் கண்டா? பசை வாசனை, பெயிண்ட் வாசனை ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"டாக்டர் சொன்னது கேட்டுச்சு. அவ சொன்னது கேட்கலையா? டிஸ்சார்ஜ் ஆகி வந்து ரெண்டு நாள் இருந்து பார்ப்பேன், சரிப்படலேன்னா ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிடுவேன்னாளே."

மகள் இந்த வீட்டுப் படியேறி மூன்று வருஷம் ஆகிறது. வேலையை விடுகிறேன் என்று அவள் எழுதி மேஜைமேல் வைத்திருந்த கடிதத்தை, பிழை திருத்துகிறேன் என்று எடுத்தவர் இவர். திருத்தத் திருத்த அது சம்பள உயர்வு கேட்கும் விண்ணப்பமாகிவிட்டது. தபாலிலும் போட்டுவிட்டார். சம்பளம் உயர்ந்தது. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய பட்டிகள் அன்று சாயங்காலமே பழைய சாமான் வண்டியில் ஏறின.

மறுநாள் கடையில் வாங்கிய புதுப் பட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை இலைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'இயற்கையின் நண்பன்' என்று அச்சடித்திருந்தது. அவர் முகர்ந்து பார்த்தார். கண் எரிந்தது. ஒரு முனையை அறுத்தார். உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே மரம் மாதிரி கோடு போட்ட காகிதம் சுற்றியிருந்தது. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில் அது வாளியை விட்டு வெளியே வர மறுத்தது. அவ்வளவு ஊதியிருந்தது.

"வாளி போச்சு," என்றாள் மனைவி.

கடைக்காரரிடம் கேட்டார். "இந்த இலை யார் குடுத்தது? எந்தச் சோதனைச் சாலை?"

"பக்கத்து பிரஸ்ல அடிச்சது சார். நல்லா இருக்கில்ல?"

"இதுல எது இயற்கை?"

"கலர் சார்."

கடைக்காரர் முகம் கோணாமல் வேறு சரக்கு எடுத்துக் கொடுத்தார். இதில் இரண்டு இலை. வாசனையே இல்லை. தண்ணீரில் போட்டால் ஊறவும் இல்லை. அவருக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினார். பட்டி உருகி ஊசியோடு நூல் மாதிரி வந்தது. அப்பட்டமான பிளாஸ்டிக். கருகிய நாற்றம் மகள் அறையிலிருந்து கிளம்பி வீடு முழுக்கப் பரவியது.

மனைவி ஜன்னல்களைத் திறந்துகொண்டே வந்தாள். "வாசனை வரக்கூடாதுன்னு ஆரம்பிச்சீங்க. நாளைக்கு அவ வரா."

"தெரியும்."

"மூச்சுத் திணறி வாசல்லயே திரும்பிடுவா."

"தெரியும்னேனே." அவள் விசிறி எடுத்து வந்து அறை நடுவில் நின்று வீசினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார்.

இந்தத் தடவை கடைக்காரர் நேரே பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "பழைய வீடுகள்ல கழட்டின மரம் சார். இதுக்காகப் புதுசா ஒரு மரமும் வெட்டல. பசை கிடையாது. மேல்பூச்சைச் சுரண்டிட்டு தேன்மெழுகு மட்டும் தேய்ச்சிருக்கோம். நேத்துதான் இந்த செட் தயாராச்சு."

"இலையைக் காணோம்?"

"இதுக்கு எதுக்கு சார் இலை?"

அறுத்துப் பார்த்தார். ஒரே மரம், முனைவரை ரேகை ஓடியது. நனைத்தார், ஊதவில்லை. சுட்டார், மரம் கருகுகிற வாசனைதான் வந்தது. ஒரு பட்டியில் இடுப்பு உயரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அதைத் தடவித் தடவிப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக ஒரு சரக்கைப் பாராட்டினார்.

"பூச்சி அரிச்சிருக்கு. மருந்து அடிக்காத மரம்ங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

மறுநாள் காலையில் தச்சர் வந்து பட்டியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். "சார், இந்த ரூம்ல ஒரு மூலைகூட நேரா இல்லை. ஆனா எதையும் வெட்ட வேண்டியதில்லை. அப்படியே உட்காருது."

"நல்ல சரக்குன்னா அப்படித்தான்."

"அது இல்ல சார், ஆணி ஓட்டைகூட..."

"பேசாம வேலையைப் பாருங்க. பொண்ணு வர நேரமாச்சு."

தச்சர் சுவரில் இருந்த பழைய ஓட்டைகளிலேயே ஆணியை இறக்கினார். கதவோரப் பட்டியைத் துடைக்க வந்த மனைவி, துணியை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தூசியில் இருமல் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

மகள் மத்தியானம் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். அறை வாசலில் நின்றவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இருமல் வரவில்லை.

அவள் கை கதவோரப் பட்டியில் மெல்ல இறங்கி, அந்த ஓட்டைகளின்மேல் நின்றது. அங்கேயே நின்றது. அவருக்குப் பூச்சியைப் பற்றி விளக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தார்.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஸ்கூல் காம்பஸால குத்தின ஓட்டைகூட அப்படியே இருக்கேப்பா. ஆயுசுல முதல் தடவையா ஒரு பொருளைத் தொடாம விட்டு வச்சிருக்கீங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."