கால் மாத்திரைக் குடும்பம்

வேனிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

மரபணுப் பிரிவின் டாக்டரம்மா மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். "விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு நோயாளி, கூட ஒரு துணை, அவ்வளவுதான்" என்று டைரக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலில் தையல்காரர் இறங்கினார், அவர்தான் நோயாளி. அடுத்து அவருடைய பெரியக்கா, அவர்தான் துணை. கணக்கு முடிந்தது என்று டாக்டரம்மா திரும்பும்போது ஒரு சித்தப்பா இறங்கினார். அவர் பின்னால் ஒரு சித்தி. அவர்களைத் தள்ளிக்கொண்டு ஒரு கும்பல். அந்த வேன் ஒருவழியாகக் காலியானதும் அதே இடத்தில் இன்னொரு வேன் வந்து நின்றது.

இன்றைக்கென்று பார்த்தா இத்தனை பேர்? நாள் அப்படிப்பட்ட நாள். ஆளுக்கு ஆள் மரபணுவைப் பார்த்து, அவரவர் உடம்புக்கு அளவெடுத்தாற்போல மருந்து உருவாக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நாட்டைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் மூன்று நாடுகள். இரண்டைப் பார்த்தாயிற்று, இன்று இங்கே வருகிறார்கள். பிடித்துவிட்டால் டாக்டரம்மாவின் இரண்டு அறைப் பிரிவு ஒரு முழுக் கட்டடமாகும். பிடிக்காவிட்டால் அந்த இரண்டு அறையிலும் உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்கப் போவதாக டைரக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

மூச்சு வாங்கக் கீழே ஓடினார்.

"என்ன பெரியக்கா இது? ஒருத்தர்தானே கூட வரணும்னு சொன்னேன்?"

"ஒருத்தியாத்தான் கிளம்பினேன். சித்தப்பா கோச்சுக்கிட்டார். சித்தப்பா வந்தா சித்தி சும்மா இருப்பாங்களா?"

"ரெண்டு வேன் நிக்குதே?"

"அது மாமா வீட்டு ஆளுங்க. அவங்க தனியா கோச்சுக்கிட்டாங்க."

தையல்காரர் மெதுவாக முன்னால் வந்தார். "டாக்டரம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லுங்க. முதல்ல எல்லாரும் உள்ள வாங்க, டைரக்டர் கண்ணுல படாம."

ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கால் மாத்திரைக் குடும்பம் என்றே பெயர். ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க மற்றவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் இவர்களுக்குக் கால் மாத்திரை போதும். முழுதாகக் கொடுத்தால் ரத்தம் கசிய ஆரம்பித்து நிற்கவே நிற்காது. தையல்காரரின் அண்ணன் அப்படித்தான் எங்கோ முழு மாத்திரை விழுங்கிவிட்டு உயிர் ஊசலாட இங்கே வந்து சேர்ந்தார். கோளாறு மாத்திரையில் இல்லை, வம்சத்தில் ஓடும் மரபணுவில் என்று கண்டுபிடித்தவர் டாக்டரம்மா. பிறகு தன் கையாலேயே மாத்திரையை நான்காக உடைத்துக் கொடுத்து அவரை நடக்கவைத்து அனுப்பினார்.

மரபணு இருக்கட்டும், அந்த வம்சத்தில் அதைவிடக் கெட்டியாக ஓடியது மூக்கு. நடுவில் புடைத்து நுனியில் வளைந்த மூக்கு. மாப்பிள்ளைகளும் மருமகள்களும் அவர்கள் ஜாடையில் பிறந்த ஓரிருவரும் மட்டுந்தான் தப்பித்திருந்தார்கள்.

அத்தனை மூக்குகளையும் டாக்டரம்மா மீட்டிங் ஹாலில் வைத்துக் கதவைச் சாத்தினார். நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான், வருகிறவர்களுக்கான தேநீரும் பிஸ்கட்டும் அங்கே வைத்திருப்பது ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தார். பிஸ்கட் இருந்த தட்டைச் சித்தி கழுவித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ருசியா இருந்துச்சு டாக்டரம்மா. எதுக்கு இவ்வளவு சிரமம் உங்களுக்கு?"

அழுவதா சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. ரத்த மாதிரிகளை உறையவைக்கும் பெட்டிகள் நிற்கிற பின்பக்க நடைக்கு எல்லோரையும் ஓட்டிப் போனார். "இங்க யாரும் எதையும் தொடாதீங்க. பேசாதீங்க. நான் வந்து கூப்பிடறேன்."

"டாக்டரம்மா, அந்த விஷயம்..." என்றார் தையல்காரர்.

"அப்புறம்னு சொன்னேன்ல?"

பத்தடி போவதற்குள் அபாய மணி அலறியது. திரும்பி ஓடினார். உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சித்தி செல்போன் சார்ஜரைச் சொருகியிருந்தார்.

"சார்ஜ் இல்லைம்மா. நாத்தனாருங்க ரெண்டு பேரும் லைன்ல இருக்காளுங்க. ஆளுக்கொரு நாட்டுல கல்யாணம் கட்டிப் போனவளுங்க, என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு உயிரை எடுக்கிறாளுங்க."

டாக்டரம்மா பிளக்கை மாற்றி மணியை அடக்குவதற்குள் டைரக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. சுவரில் வரிசையாக வெள்ளைக் கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவின் மூளை அன்றைக்கு எடுத்ததிலேயே மோசமான முடிவை எடுத்தது.

"மாட்டுங்க. எல்லாரும் மாட்டுங்க. சீக்கிரம்."

டைரக்டர் வந்து பார்த்தபோது நடை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"யாரு இவங்கல்லாம்?"

"நம்ம... பிரிவு ஆளுங்க சார்."

திட்டப் போகிறார் என்று டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். டைரக்டரின் முகமோ மலர்ந்தது. "பலே. இத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னு காட்டினா அசந்துடுவாங்க. வாசல்ல வந்து இறங்கிட்டாங்க, நேரா இங்கதான் கூட்டிட்டு வரப்போறேன்."

கூட்டிக்கொண்டும் வந்தார். முன்னால் நரைத்த தலையும் தட்டைச் செருப்புமாகக் கம்பெனியின் தலைவியம்மா, பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். தலைவியம்மா ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். வரிசை முடியும்வரை மூக்கு மூக்காகப் பார்த்துக்கொண்டே போய், மொழிபெயர்க்கும் பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா கேக்கறாங்க, நீங்க ஒரே குடும்பத்துலேருந்துதான் வேலைக்கு ஆள் எடுப்பீங்களா?"

"எல்லாம் தகுதி அடிப்படையில..." டைரக்டருக்கு வேர்த்தது.

தலைவியம்மா சித்தப்பாவின் முன்னால் நின்றார். "உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கறாங்க" என்றாள் அந்தப் பெண்.

சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நானா? நான் கால் மாத்திரை."

அவ்வளவுதான், மடை திறந்தது.

"நான் அதுலயும் பாதி. அரைக்கால்."

"எங்கப்பாவுக்குப் பல்லு பிடுங்கினப்போ ராத்திரி பூரா ரத்தம் நிக்கலை, எழுதிக்குங்க."

"என் மகனுக்கு முழு மாத்திரையும் ஒத்துக்கும். அவன் அவங்கம்மா ஜாடை, மூக்கைப் பாத்தாலே தெரியும்."

கேட்காமலே ஒருவர் கோட்டுக் கையைச் சுருட்டி நரம்பைத் தட்டிக் காட்ட, மற்றவர்களும் சுருட்டினார்கள். டைரக்டர் டாக்டரம்மாவைப் பார்த்த பார்வையில் உடைந்த கட்டில்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

எப்படியும் போகப் போகிறது என்று தெரிந்ததும் டாக்டரம்மாவுக்குப் பயம் விட்டுப்போனது.

"நான் சொன்னது பொய்ங்க" என்றார் தலைவியம்மாவிடம். "இவங்க ஊழியர்கள் இல்ல. ஒரு குடும்பம். ஒருத்தரை வரச் சொன்னா ரெண்டு வேன் பிடிச்சு வருவாங்க. ஆனா ஒருத்தர் உடம்புல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்க அத்தனை பேரும் கையை நீட்டுவாங்க. எங்க மெஷின் பழசு. ரூம் ரெண்டே ரெண்டு. நாங்க பெருமையாக் காட்ட எங்ககிட்ட இருக்கறது இவங்கதான். காலைலேருந்து அவங்களைப் போய் ஒளிச்சு வச்சேன்."

மொழிபெயர்க்கும் பெண் சொல்லி முடித்தாள். தலைவியம்மா சிரித்தார். நீட்டிய கைகளின் நடுவே புகுந்து பெரியக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இங்கதானாம்" என்றாள் அந்தப் பெண். "முடிவாயிடுச்சு."

டைரக்டருக்கு உயிர் வந்தது. "அந்த வரவேற்பறை மீன் தொட்டி வேலை செஞ்சிடுச்சு பாத்தீங்களா? நான்தான் வாங்கிப் போடச் சொன்னேன்" என்றபடி விருந்தினர்களை மீன் தொட்டிப் பக்கம் நடத்திப் போனார்.

டாக்டரம்மா கோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினார். கடைசிக் கோட்டைத் தையல்காரர் அக்குள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றித் தந்தார்.

"மன்னிச்சுக்குங்க. பொழுதன்னிக்கும் உங்க வாயை அடைச்சேன். என்ன விஷயம், இப்போ சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, மூணு நாட்டுல அவங்க நம்ம நாட்டைத் தேர்ந்தெடுத்துட்டாங்க, கேட்டீங்கல்ல?"

தையல்காரர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அந்த விஷயந்தாம்மா: மூணு நாட்டுலயும் இருக்கிற எங்க ஆளுங்களைத் தேடி வந்து, ஆராய்ச்சியை எங்க வச்சா குடும்பத்தோட வந்து ரத்தம் குடுப்பீங்கன்னு இந்தக் கம்பெனிக்காரங்கதான் கேட்டாங்க, எங்கண்ணனுக்கு மாத்திரையை நாலா உடைச்சுக் குடுத்த டாக்டரம்மா எங்க இருக்காங்களோ அங்கன்னு போன மாசமே நாங்க சொல்லிட்டோம்."