கூடுதலாக ஒரு லேயர்

என்ன ஆனாலும் சரி, சகலை வீட்டுக்குப் போவதில்லை. ஸ்டூடியோக்காரர் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார்.

சகலை நல்ல மனிதர்தான். வாய்தான் கோளாறு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொடி காட்டிய ரயிலெல்லாம் நின்றுவிட்டன. அவர் மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து சர்வீஸ் கதையை ஆரம்பித்தால், கேட்கிறவனுக்கு முதலில் கால் மரத்துப்போகும், அப்புறம் காது. உயிரோடு எழுந்து வருவது அவரவர் அதிர்ஷ்டம்.

சாப்பாட்டு மேஜையில் மனைவி பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அக்கா மறுபடியும் கேட்டுச்சு. அடுத்த வாரம் வந்து தங்கிட்டுப் போங்கன்னு."

"ஸ்கூல் வேலை தலைக்கு மேல கிடக்கு. எப்படி வர்றது?"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷமும் ஸ்கூல் இருந்துச்சே."

"அக்காவைப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"நீ மட்டும் போயிட்டு வாயேன். நான் தடுத்தேனா?"

"தனியாப் போனா, உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு அத்தான் ஆரம்பிச்சுடறாரு. தெரு பூரா பரவிடுது. போன தடவை ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'தைரியமா இரும்மா'ன்னு அழுதுட்டாங்க."

"நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"அதை வந்து காட்டுங்கன்னுதான் சொல்றேன்."

அவர் தண்ணீர் குடித்து எழுந்துவிட்டார். பதில் இல்லாதபோது தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம்.

பள்ளி வேலை என்றால் இதுதான். ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் வெட்டி எடுத்து, அடியில் ஒரு நீலத் திரை, மேலே பூப்போட்ட சட்டம், அதற்கு மேலே பேர், கீழே ஸ்டூடியோ பேர் போட்ட பட்டை என்று அடுக்க வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தது மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் லேயர் என்று பேர். இந்த அடுக்குக்கான மாதிரியைப் போட்டுக் கொடுத்தவள் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தவள். அதை ஸ்டூடியோக்காரர் வசதியாக மறந்திருந்தார்.

கையால் செய்தால் இடுப்பு ஒடியும். ஆனால் ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருக்கிறதாம். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்தால் போதும். ஒரு பிள்ளை, அடுத்த பிள்ளை என்று கம்ப்யூட்டரே அடுக்கி, பிரிண்டருக்கும் அனுப்பிவிடும். ரகசியமாக வீடியோ பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் எழுதினார். திட்டம் இதுதான்: வேலை ஒரு கிளிக்கில் முடியும். வீட்டுக்கு அது தெரியாது. அடுத்த வாரம் முழுக்க, வீட்டு முன்னறையில் இருக்கிற ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டு, 'வேலை' என்று தூங்கலாம்.

முதல் தடவை ஓட்டினார். லேப்டாப்பில் எல்லாப் படமும் வெறும் நீலம். பேர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஒரு முகம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைங்க எங்கங்க?"

"பின்னாடி இருக்காங்க."

"எதுக்குப் பின்னாடி?"

"திரைக்குப் பின்னாடி."

"போட்டோ எடுக்க வந்துட்டு ஒளிஞ்சு விளையாடுதுங்களா?"

"லேயர் மாறிப்போச்சு. நீ போ. தொழில்ல மூக்கை நுழைக்காதே."

அவள் போய்விட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தியுள்ளவன் அப்போதே பயந்திருப்பான்.

ஸ்டூடியோக்காரர் திரையை அடியில் தள்ளினார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஸ்கிரிப்ட் சொன்ன பேச்சைக் கேட்டது. இந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன்.

அன்று முதல் நடிப்பு. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். "முடியலடி" என்பார். அவளும் பரிவாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். சின்ன வகுப்புப் படங்களைக் கொடுக்க வேண்டிய நாளில் கிளிக் செய்தார். பிரிண்டர் கடகடவென்று ஆரம்பித்தது. தாலாட்டு மாதிரி இருந்தது. மௌஸைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

விழித்தபோது மேஜையில் மூடி வைத்த காபி. படங்களெல்லாம் கவருக்குள் போய், ஒட்டி, அடுக்கியிருந்தன.

"நான்தான் கவர்ல போட்டேன். பாவம், அசந்து தூங்கிட்டீங்க."

"ஒவ்வொண்ணா பண்ணினேன்ல. பெரிய கிளாஸ் படமெல்லாம் அப்படியே கிடக்கு. அடுத்த வாரம் பூரா சரியா இருக்கும்."

"பாவம்" என்றாள் மறுபடியும்.

கவர்களைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து சலூன்காரர் வாசலிலேயே மறித்தார்.

"என்ன அண்ணே, ஊருக்காமே! சொல்லவே இல்ல?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். என் பொண்ணு போட்டோவுல போட்டிருக்கே."

உள்ளே போவதற்குள் தலைமை ஆசிரியை போனில் வந்துவிட்டார். "நல்லா ஓய்வெடுத்துட்டு வாங்க சார். பெரிய கிளாஸ் படம் நீங்க வந்தப்புறம் போதும். உங்க வீட்ல பேசிட்டாங்க."

ஸ்டூடியோக்காரர் சலூனுக்கு ஓடிப்போய்ப் படத்தை வாங்கிப் பார்த்தார். குழந்தை சிரிக்கிறது. கீழே ஸ்டூடியோ பேர். அதற்கும் கீழே, அழகான எழுத்தில்: 'அடுத்த வாரம் முழுவதும் ஸ்டூடியோவுக்கு விடுமுறை. குடும்பத்துடன் உறவினர் வீட்டுக்குச் செல்கிறோம்.'

ஊரில் பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் இந்நேரம் இது சுவரில் தொங்கும்.

வீட்டுக்குள் பாய்ந்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"மாதிரியில ஒரு லேயர் கூடுதலாப் போட்டேன். மத்ததெல்லாம் உங்க ஸ்கிரிப்ட் பண்ணுச்சு."

"ஸ்கிரிப்டா? எந்த ஸ்கிரிப்ட்?"

"பிள்ளைங்க ஒளிஞ்ச அன்னைக்கே தெரியுங்க. கையால பண்றவரு ஒரு பிள்ளையைத் தொலைப்பாரு, ரெண்டைத் தொலைப்பாரு. மொத்த ஸ்கூலையும் ஒரே மாதிரியா தொலைப்பாரு?"

அவர் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் திரும்ப வாங்கி, அந்த வரியை எடுத்துட்டு வேற போட்டுக் குடுக்கப் போறேன். பாரு."

"தாராளமாப் போடுங்க. எத்தனை நாளாகும்?"

"எத்தனை நாளா? ஒரு கிளிக்..."

வாயை மூடிக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

"ஒரு கிளிக்னா, அடுத்த வாரம் உங்களுக்கு வேலையே இல்ல. கிளம்பலாம். கையாலதான் பண்ணணும்னா, திருத்த நேரமில்ல. ஊருக்கே சொல்லியாச்சு. அப்பவும் கிளம்பலாம். எது வசதின்னு பார்த்துச் சொல்லுங்க. அக்காவுக்குப் போன் பண்ணணும்."

ஸ்டூடியோக்காரர் அவள் காட்டிய இரண்டு வழியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டுமே ரயில் நிலையத்துக்குத்தான் போயின.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். தும்மினார். வேட்டி, சட்டை, துண்டு என்று திணித்தார். போகட்டும், ஒரு வாரம்தானே. தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் சகலையால் என்ன செய்ய முடியும்?

"அந்த லேப்டாப்பையும் வச்சுக்குங்க" என்றாள் மனைவி.

"அது எதுக்கு?"

"உங்க திறமையைப் பத்தி அத்தான்கிட்ட பெருமையாச் சொன்னேன். சர்வீஸ்ல எடுத்த படம் அத்தனையும் பெட்டியோட இறக்கி வச்சிருக்காராம். எல்லாத்துக்கும் சட்டம் போட்டு, கீழே வெவரம் எழுதணுமாம்."

"அதுக்கென்ன, ஒரு கிளிக்குல முடிச்சுடுவேன்."

"முடியாதுங்க. ஒவ்வொரு படத்துக்கும் வெவரத்தை அவரே உங்க பக்கத்துல உட்கார்ந்து வாயால சொல்லுவாராம்."