தள்ளத் தெரியாத சம்மாட்டி

உலகத்தில் உள்ள எந்தச் சிக்கலையும் பிடித்து இழுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற ஒரே மனிதர் எங்கள் கீரிக் கிராமத்தில்தான் இருக்கிறார். அவருடைய பெயரை அறிய வேண்டுமானால் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். ஊருக்கு அவர் இழுவைச் சம்மாட்டி.

கரைவலைக்குச் சொந்தக்காரர் என்பதால் சம்மாட்டி. கடலில் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக் கரைக்கு இழுக்கிற தொழில். முன்பு பதினாறு பேர் இழுத்தார்கள். பிறகு ட்ரக்டர் வந்தது. ஏழு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் சத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. இன்றைக்கும் பதினாறு பேருக்குப் போதுமான அளவு கத்துகிறார்.

மன்னார் ரவுணில் ஒரு வங்கிக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். உள்ளே தள்ள வேண்டிய கதவு. சம்மாட்டியார் இழுத்தார். உள்ளே இருந்தவர்கள் தள்ளச் சொல்லிக் கை காட்டினார்கள். தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு இன்னும் பலமாக இழுத்தார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. யாரோ வெளியே வந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கைப்பிடியை மனேச்சரின் மேசையில் வைத்தார்.

“உங்கட கதவு சரியில்லை, ஐயா. நல்ல காலம் நான் வந்தனான்.”

தன் கடைவாய்ப் பல்லையும் தானே நூல் கட்டி இழுத்தவர்தான். வலித்த பல் இருக்க, பக்கத்துப் பல் வந்துவிட்டது. “அதுவும் ஒருநாள் வலிக்கத்தானே போகுது” என்றார்.

இப்படிப்பட்டவரிடம் என் லொறி அகப்பட்ட கதையைச் சொல்கிறேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு லொறி எதற்கு என்று கேட்பீர்கள். பத்தி எழுதி அடுப்பெரிந்த வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள். நான் கருவாடு ஏற்றுகிறவன்.

எங்கள் மகள் பிறந்தபோது மூன்று நாள் மூச்சுக்குத் தவித்தாள். என் மனைவி ஜெசிந்தா மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை தப்பினால், மூன்று வருஷம் தவறாமல், ஆவணித் திருநாளுக்குக் கொடி ஏறுமுன் பிள்ளையோடு அங்கே போய் நிற்பதாகவும், வருகிற சனத்துக்குத் தன் கையால் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதாகவும். பிள்ளை தப்பினாள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போனோம். இது மூன்றாவது வருஷம். பின்னேரம் கொடியேற்றம்.

கிடாரம், அரிசி மூட்டை, கூடாரச் சீலை எல்லாம் காலையிலேயே லொறியில் ஏறிவிட்டன. சாவியைத் திருப்பினேன். லொறி நாலு முறை இருமிவிட்டு நின்றது. டீசல் பில்டர் அடைத்துவிட்டது. புதுப் பில்டர் வீட்டில் இருந்தது, மாற்றுகிறவன்தான் இல்லை. மெக்கானிக்குக்குப் போன் எடுத்தால், அவரும் முதல் நாளே மடுவுக்குப் போய்விட்டார். ஊரில் இருந்த மற்ற லொறிகளும் போய்விட்டன.

“பெரிய வேலை இல்லை, அண்ணை,” என்றார் மெக்கானிக். “பில்டரில பூட்டியிருக்கிற ரெண்டு குழாயையும் கழட்டோணும். முனையில பிளாஸ்ரிக் பூட்டு இருக்கும். எங்கட கடல் காத்துக்கு உப்பும் மண்ணும் ஏறி இறுகியிருக்கும். தண்ணி விட்டுக் கழுவிப்போட்டு, முதல்ல உள்ளுக்குத் தள்ளுங்கோ. பிறகு பூட்டில இருக்கிற ரெண்டு காதையும் அமத்திப் பிடிச்சு எடுங்கோ. சும்மா வரும். கண்டபடி இழுக்க மட்டும் வேண்டாம்.”

“இழுக்க வேண்டாமோ?” என்று நான் சற்றுச் சத்தமாகக் கேட்டதுதான் பிழை. வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

“என்ன தம்பி, இழுக்கோணுமோ?”

வேண்டாம் என்று சொல்லி முடிக்குமுன் சம்மாட்டியார் லொறிக்குள் தலையை விட்டிருந்தார்.

“முதல்ல தள்ளோணுமாம், சம்மாட்டியார்.”

தலையை வெளியே எடுத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தள்ளி ஆரும் மீன் பிடிச்சவனோ, தம்பி?”

முதலில் கையால் இழுத்தார். பிறகு சாரத்தின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். அதன் பிறகு குறட்டால். இழுக்க இழுக்க இறுகும் பூட்டு இது என்று நான் நாலு தரம் சொன்னேன். கடலுக்குச் சொல்லியிருந்தாலாவது கேட்டிருக்கும். அவர் வேலிப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். குழாயில் வலைக்கயிற்றைக் கட்டி, ஏலேலோ போட்டு, ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

குழாய் வரவில்லை. லொறி வந்தது. முற்றத்தைத் தாண்டி வந்து கோழிக்கூட்டில் இடித்து நின்றது. கோழிகள் அடுத்த வளவுக்குப் பறந்தன.

ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “சம்மாட்டியார், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், வீட்டை போங்கோ!”

அவர் காதில் புண்ணியம் மட்டும்தான் ஏறியது. “நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை, பிள்ளை. நான் போய் ட்ரக்டரைக் கொண்டுவாறன்.”

அவர் போன இடைவெளியில் நான் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி ஒரு பூட்டைக் கழுவினேன். உள்ளே தள்ளினேன். காதுகளை அமத்தினேன். குழாய் இரண்டு விரலில் கழன்று வந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை. மற்றதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ட்ரக்டர் முற்றத்துக்குள் ஏறியது. கழன்ற குழாயைப் பார்த்ததும் சம்மாட்டியாரின் முகம் மலர்ந்தது.

“பாத்தியே தம்பி? நான் இழுத்து இளக்கி வச்சது இப்ப வந்திருக்கு.”

என்னைத் தோளால் ஒதுக்கினார். ஒரு காலை லொறியில் ஊன்றினார். இரண்டாவது குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். படக் என்று ஒரு சத்தம். மனிதர் மல்லாந்து கிடந்தார். பாதிக் குழாய் அவர் கையில். மீதிப் பாதி பில்டரில். உடைந்த முனையால் டீசல் அவர் நெஞ்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். “மூண்டாவது வருஷம்” என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களுக்குத் தள்ளத் தெரியாட்டிப் பரவாயில்லை, சம்மாட்டியார். கையை வச்சுக்கொண்டு சும்மா நிக்கவும் தெரியாதோ?”

அவர் எழுந்து, நெஞ்சில் ஒழுகிய டீசலைக் கையால் வழித்தார். உடைந்த குழாயைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ட்ரக்டரில் ஏறினார். தொலைந்தார் என்று நினைத்தேன். ஆனால் ட்ரக்டரைத் திருப்பி, பின்பக்கமாகக் கொண்டுவந்து என் லொறிக்கு முன்னால் நிறுத்தினார். வலைக்கயிற்றை இரண்டுக்கும் நடுவில் இறுக்கிக் கட்டிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“ஏறு பிள்ளை. இதையெண்டாலும் எனக்கு இழுக்கத் தெரியும்.”

கீரியிலிருந்து மடுவுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். மன்னார்ப் பாலத்தடியில் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். சம்மாட்டியாருக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் நாலைச் செலவழித்தார். “லொறி லெடய். மடு பள்ளிய.” லொறிக்குச் சுகமில்லை, மடுக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன் என்கிறாராம். பொலிஸ்காரர் லொறியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சிரித்துவிட்டு வழிவிட்டார். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஒரு கிழவர் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார். வெயில் சம்மாட்டியாரின் தலையில் கொளுத்தியது. அவர் ஓரிடத்திலும் இறங்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி, நாங்கள் பின்னால் இருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர, கொடியேற்றத்துக்கு மணி அடிக்கத் தொடங்கியது. ஜெசிந்தா பிள்ளையோடு குதித்து இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். கொடி ஏறுமுன் போய் நின்றுவிட்டாள்.

லொறிதான் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. எங்கள் இடம் இரண்டு கூடாரங்களுக்கு நடுவே, ஒரு பாலை மரத்தடியில். ட்ரக்டர் அதற்குள் போகாது. லொறியை எடுக்கச் சொல்லி நாலு பக்கமும் சத்தம். சம்மாட்டியார் கயிற்றை அவிழ்த்தார். முன்னால் பார்த்தார். நின்று இழுக்க ஓரடி இடம்கூட இல்லை.

மெதுவாக லொறியின் பின்பக்கம் போனார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கையையும் பின்பலகையில் ஊன்றி, தலையைக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். லொறி அசைந்து, ஊர்ந்து, மரத்தடிக்கு வந்து நின்றது.

மூச்சு வாங்க என் பக்கம் வந்தார். “இதை என்ர வலைப் பொடியளுக்குச் சொல்லிப்போடாதை, தம்பி.”

ட்ரக்டர்க் கிறீசும் டீசலுமாக அவருடைய கைகள் பின்பலகையில் பதிந்திருந்தன. போன மாதம் லொறிக்குப் புதுப் பெயின்ற் அடிக்கக் கொடுத்தபோது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.