வெளியே நிற்பவர் பட்டியல்

ஆண்களை ஆலயத்துக்குள் கொண்டுவரும் பெரும்பணியை எட்சன் தானாகவே முன்வந்து தலையில் ஏற்றிக்கொண்டார். காரணம் ஒன்றே ஒன்றுதான். தான் உள்ளே போகாமல் இருக்க வேண்டும்.

புதுக்கடை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு தொடங்கியதும் ஆண்கள் பக்கத்தில் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். ஒருத்தருக்குப் போன் வரும். ஒருத்தருக்கு இருமல் வரும். இன்னொருத்தருக்கு, பைக்கைப் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். எல்லா உபத்திரவத்துக்கும் வைத்தியம் ரோட்டுக்கு எதிரே, பகவதியப்பனின் சாயாக்கடையில் இருந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்கு மீசையைத் துடைத்துக்கொண்டு அத்தனை பேரும் திரும்பி வந்து, பயபக்தியாகத் தலை குனிந்து நிற்பார்கள்.

பாஸ்டரின் பிரசங்கம் ஐம்பது நிமிடம். நடுவில் மூன்று தடவை தொண்டை வறண்டு இருமுவார். அந்த ஐம்பது நிமிடத்தில் எட்சனுக்கு ஒரு சாயா, நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி இரண்டு, கொஞ்சம் நாட்டுநடப்பு. அவர் பெயிண்ட் கடைக்காரர். கடையில் வாடிக்கையாளர் பேசுவார்கள். வீட்டில் மனைவி ஷைஜா பேசுவாள். சாயாக்கடையில்தான் எட்சன் பேசுவார். வாரத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஐம்பது நிமிடம் மட்டுமே.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. "பிரசங்க நேரத்துல நான் பெஞ்சுகளுக்குத்தான் சுவிசேஷம் சொல்றேன்," என்று பாஸ்டர் மனம் நொந்து ஒரு கூட்டம் போட்டார். ஆண்களுக்குச் சபையில் எப்படி ஆர்வம் உண்டாக்குவது என்பது விஷயம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"பிரசங்கத்த பத்து நிமிஷமா சுருக்கணும்," என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ராஜையன்.

"பெரிய ஸ்கிரீன் வச்சி ஃபுட்பால் மேச்சு போட்டா நெறைய பேரு வருவாவ," என்றான் துபாயில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பிய ஸ்டெனி.

பாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்து எட்சன் எழுந்தார்.

"பாஸ்டர், ஆம்பிளையாளுவ ஏன் வெளிய நிக்காவன்னு உள்ள இருந்துட்டு யோசிச்சா பிடி கிடைக்குமா? ஒராளு அவங்களுக்குள்ள ஒராளா வெளிய நின்னு ஆராய்ச்சி பண்ணணும். எட்டு வாரம்!"

"அப்படி யாரு வெளிய நிப்பா?" என்று பாஸ்டர் கவலைப்பட்டார்.

"நானே அந்தத் தியாகத்தப் பண்ணுதேன்."

கூட்டம் உருகிப்போனது. உருக்கத்தைக் கண்டதும் எட்சனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. "எட்டாவது வாரம் அறுப்பின் பண்டிகை. அண்ணைக்கு எவனெல்லாம் வெளிய நிக்கானோ, அவன் பேர மைக்குல வாசிக்கணும்!" என்று ஒரே போடாகப் போட்டார்.

சபைச் செயலாளர் ஷைஜாதான். அதுவரை வாய் திறக்காமல் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"வெளிய நிக்கிய எல்லாரு பேருமா?"

"எல்லாரு பேரும்! ஒருத்தனையும் விடப்பிடாது!"

"வெளிய உள்ள ஹாரன் ஸ்பீக்கர்லயுமா?"

"ஜங்ஷன் வரைக்கும் கேக்கணும்!"

"எழுதியாச்சு," என்றாள் ஷைஜா.

முதல் ஞாயிறு எட்சன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் திருட்டுமுழி இல்லாமல் பழம்பொரி தின்றார். உத்தியோகபூர்வமான பழம்பொரி! சாயாக்கடையில் பதினாலு பேர் இருந்தார்கள். ஆராய்ச்சி என்று பேர் பண்ணிவிட்டதால் ஒரு நோட்டு வாங்கி, வாய்க்கு வந்ததைக் கிறுக்கி வைத்தார்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் பரிமாறிக்கொண்டே ஷைஜா நோட்டைப் புரட்டினாள்.

"இஞ்ச பாருங்க, இது என்ன? 'ஸ்டெனி: ஒயரைப் பார்த்தால் தொடாமல் இருக்கமாட்டான். சர்ச் மைக் கரகரப்பதைக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறான்.'"

"ஆராய்ச்சியாக்கும்."

"'ராஜையன் அண்ணன்: ஆட்களை வரிசையாக ஏற்றி உட்கார வைக்காமல் கை அரிக்கிறது.' நல்லா எழுதியிருக்கீங்களே! இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஷைஜா அவரைப் பாராட்டியது அதுதான் இரண்டாம் தடவை. எட்சன் பூரித்துப்போய் அடுத்த வாரம் எட்டுப் பக்கம் எழுதினார்.

மூன்றாம் ஞாயிறு ஸ்டெனியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், ஆலயத்துக்குள் மைக்செட் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான். சட்டையில் மஞ்சள் துணி பேட்ஜ். சிவப்பு நூலில் 'ஒலிபெருக்கிப் பொறுப்பாளர்' என்று தைத்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் எட்சன் அவனை மடக்கினார். "ஏலே மக்கா, ஒனக்கு என்னாச்சி?"

"கமிட்டி தீர்மானமாக்கும் அண்ணே. நான் இல்லேண்ணா மைக் கூவும். பொறுப்புள்ளவன் சாயா குடிக்கப் போவ முடியுமா?"

நான்காம் ஞாயிறு ராஜையன் உள்ளே. 'இருக்கை ஒழுங்கு.' வருகிறவர்களை, முன்னால போ, முன்னால போ, என்று பஸ்ஸில் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஞாயிறு ஜெனின். அவனைப் பற்றி, 'சும்மா இருந்தால் ஜன்னல் கதவைத் திறந்து திறந்து மூடுவான்,' என்று எட்சன் வேடிக்கையாக எழுதியிருந்தார். இப்போது அவன் 'காற்றோட்டம்'. இரண்டு பக்கமும் பதினாறு ஜன்னலுக்கு அவன்தான் அதிபதி.

எட்சனுக்குத் தலை சுற்றியது. இந்தப் பயல்களுடைய பைத்தியமெல்லாம் பாஸ்டருக்கு எப்படித் தெரிந்தது? எட்சன் மஞ்சள் பெயிண்டிலேயே பதினெட்டு தினுசு விற்கிறவர். அந்தப் பேட்ஜ் மஞ்சளை எங்கேயோ பார்த்த ஞாபகமும் வந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"ஏட்டி ஷைஜா, இந்தப் பேட்ஜ் எல்லாம் யாரு குடுக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? கமிட்டி சொல்லுது, நான் எழுதுதேன்," என்றாள் ஷைஜா. மடியில் மஞ்சள் துணி கிடந்தது. ஊசியில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அந்த வெளக்க கொஞ்சம் போடுங்க. கண்ணு தெரியல்ல."

எட்சன் விளக்கைப் போட்டுவிட்டு, மறுபடியும் யோசனையில் ஆழ்ந்தார்.

ஆறாம் ஞாயிறு வெளியே நான்கு பேர். ஏழாம் ஞாயிறு அவரும் பகவதியப்பனும் மட்டும். பகவதியப்பனைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் பகவதி கோயிலுக்குப் போகிறவர்.

"எட்சன் அண்ணே, ஒங்க ஆளுவளெல்லாம் எங்க?"

"உள்ள இருக்கானுவ."

"எதுக்கு?"

"அதாக்கும் எனக்கும் வெளங்கல்ல."

அன்றைக்குப் பாஸ்டர் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எட்சன், ஒங்க ஆராய்ச்சி இப்படிப் பலன் தரும்னு நான் நினைக்கவே இல்ல. ஆண்கள் பக்கம் பெஞ்சு பத்தல!" சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எட்சனும் சிரித்தார். ஜெயித்தோமா, தோற்றோமா? வீடு போய்ச் சேரும்வரை யோசித்தும் விடை கிடைக்கவில்லை. பேச ஆளில்லாத சாயாக்கடையில் சாயாவே வேறு ருசியாக இருந்தது.

எட்டாம் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வாழைக்குலையும் பலாப்பழமும் மரச்சீனியும் ஆலயத்து வாசலில் குவிந்து கிடந்தன. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு தொடங்கியது. எட்சன் வழக்கப்படி எழுந்தார். ஆண்கள் பக்கத்தில் வேறு ஒருவரும் அசையவில்லை. ராஜையன்தான் பெரிய மனது பண்ணி வழி விட்டார்.

சாயாக்கடைக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

"பழம்பொரி எங்க பகவதியப்பா?"

"இன்னைக்குப் போட்டது முழுக்க சர்ச்சுக்குப் போச்சி அண்ணே. பிரசங்கம் முடியுத வரைக்கும் உள்ள இருக்கவங்களுக்குக் குடுக்காவளாம். ஒங்க வீட்டம்மா ஆர்டராக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

எட்சனுக்கு அப்போதுதான் மஞ்சள் துணி ஞாபகம் வந்தது. சிவப்பு நூல் ஞாபகம் வந்தது. நோட்டைப் புரட்டிக்கொண்டே கிழங்கு வைத்த கை ஞாபகம் வந்தது. சாயா டம்ளர் பாதி வழியில் நின்றது.

அதே நேரத்தில் ஹாரன் ஸ்பீக்கர் செருமியது. ஐந்து வாரமாக ஸ்டெனி பார்த்துப் பார்த்துச் சரி செய்த மைக். ஒரு கரகரப்பு இல்லை. ஷைஜாவின் குரல் புதுக்கடை ஜங்ஷன் வரைக்கும் கணீரென்று போனது.

"சபைத் தீர்மானத்தின்படி, இந்த நேரத்தில் ஆலயத்துக்கு வெளியே நிற்கும் ஆண்களின் பட்டியலை வாசிக்கிறேன். மொத்தம் ஒருவர்." கொஞ்சம் இடைவெளி. "திருவாளர் எட்சன்."

மீன் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் திரும்பினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். பகவதியப்பன் டம்ளரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். "போங்க அண்ணே. அவிய ரெண்டாந்தரம் வாசிச்சிரப் போறாவ."

ஓடாத குறையாக எட்சன் உள்ளே போனார். ஆண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது. கடைசி பெஞ்சிலாவது ஒண்டலாம் என்று பார்த்தார். ராஜையன் விடவில்லை. "முன்னால போ, முன்னால போ!"

தள்ளிக்கொண்டே போய்ப் பிரசங்க மேடைக்கு நேர் கீழே நிறுத்தினார். அங்கே ஒரு ஒற்றை நாற்காலி. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் ஒரு கூஜா, ஒரு டம்ளர். மைக்கை விட்டு இறங்கிய ஷைஜா, கைப்பையிலிருந்து மஞ்சள் பேட்ஜ் ஒன்றை எடுத்து அவர் சட்டையில் குத்தினாள்.

'பிரசங்கியாருக்குத் தண்ணீர்.'

"ஏட்டி, இது என்னது?" என்று எட்சன் பல்லிடுக்கில் கேட்டார்.

"நோட்டுல ஒங்களப் பத்தி மட்டும் நீங்க ஒண்ணும் எழுதல்ல. அத நானே எழுதிச் சேத்துட்டேன்."

"என்னன்னு?"

"'கையில டம்ளர் இல்லாம ஐம்பது நிமிஷம் இருக்கமாட்டாரு'ன்னு."

அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். சபை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு ஜெனின்கூடப் பார்த்தான்.

பாஸ்டர் மேடையில் ஏறினார். நிறைந்த பெஞ்சுகளைக் கண்டு அவர் கண் கலங்கியது. "இன்றைக்கு அறுப்பின் பண்டிகை. ஆகவே செய்தியை ஏழு பாகங்களாகத் தியானிப்போம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமி, எட்சன் பக்கம் கையை நீட்டினார்.

முதல் பாகத்துக்கே இரண்டு டம்ளர் போயிற்று.