எலுமிச்சம்பழம் நசுங்காத டயர்

காட்டுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவன்தான் தன் வண்டிக்கு ஆகப் பெரிய டயராகத் தேடுவான். யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தேழு வயது. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிடம். வழி முழுக்கத் தார்ச்சாலை. காடு என்று சொல்லத்தக்கது, சாலையோரத்தில் இடுப்புயரம் வளர்ந்து நிற்கும் லாலாங் புல் மட்டும்தான். இந்தப் பயணத்துக்காக நான் ஒரு ஃபோர்வீல் டிரைவ் வாங்கினேன். யாரோ ஓட்டிக் களைத்த பழைய வண்டிதான். குட்டையான உருவம், இரண்டே கதவு, பின்னால் ஓர் இருக்கை. பின்னால் போகிறவர்கள் முன் இருக்கையை மடக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எனக்கோ, நாட்டையே விலைக்கு வாங்கிவிட்ட மிதப்பு.

உண்மைக் காரணம் தேவகி. பிரிக்பீல்ட்ஸ் பெண், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அவள் அப்பா கனகசபை அங்கிள், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என் தாத்தாவோ தமிழ்நாட்டிலிருந்து ரயில் தண்டவாளம் போட வந்தவர். இந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு தகராறு அடங்கியிருக்கிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்; பேனா பிடித்த வீட்டார் மண்வெட்டி பிடித்த வீட்டுக்குப் பெண் கொடுப்பது அபூர்வம். இரண்டு வருடம் "யோசிப்பம், யோசிப்பம்" என்று இழுத்த அங்கிள், வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணம் ஒன்றும் கிடைக்காமல், ஒருநாள் இறங்கி வந்தார்.

"வாற ஞாயிறு உங்கட வீட்டை வந்து பார்க்கிறம். பிறகு நாள் வைக்கிறதைப் பற்றிக் கதைப்பம்" என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு நான் வந்திருக்கலாம். "நானே வந்து அழைச்சிட்டுப் போறேன் அங்கிள். புது வண்டி வாங்கியிருக்கேன். அப்படியே உங்க ஏரியா கோயில்லயே பூஜை போட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்றேன். பெண் வீட்டார் முன்னிலையில் வண்டிக்கு முதல் பூஜை! என்ன ஒரு மரியாதை, என்ன ஒரு பணிவு என்று அங்கிள் உருகிவிடுவார் என்பது என் கணக்கு.

கையில் ஒரு வாரம் இருந்தது. வண்டியை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் அதை நேரே காப்பார் சாலையில் இருந்த டயர் கடைக்கு ஓட்டிப்போனேன்.

கடைக்காரர் ஆ சோங், சீனர். வாயில் பல்குத்தியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "லு மாசோக் ஹூத்தான் கா?" என்று கடைத்தெரு மலாயான பாசார் மலாயில் கேட்டார். காட்டுக்குள் போவாயா என்று அர்த்தம்.

"போவேன் தவுக்கே. எப்பவும் போவேன்" என்றேன். தவுக்கே என்றால் முதலாளி.

"எந்தக் காடு?"

"பஹாங் பக்கம்."

(பஹாங்கை நான் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அதிலும் பாதி வழி தூங்கிவிட்டேன்.)

ஆ சோங் நல்ல மனிதர். மூன்று டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடமே நடத்தினார். ஒன்று வண்டியோடு வந்த அளவு, இருபத்தெட்டு அங்குலம், தார்ச்சாலைக்கு. அடுத்தது கொஞ்சம் பெரியது, சாலைக்கும் மண் பாதைக்கும் பொது. மூன்றாவது முப்பத்து மூன்று அங்குலம், முழுக்க முழுக்கச் சேற்றுக்கு. அதன் மேற்பரப்பில் ரப்பர் கட்டைகள் முதலைத் தோல் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. இடையில் ஆழமான பள்ளங்கள். ஆ சோங் இரண்டு விரல்களை ஒரு பள்ளத்துக்குள் நுழைத்துக் காட்டினார்.

"சேறு இதுக்குள்ள போய் மாட்டிக்கும். சக்கரம் வேகமாச் சுத்தினா தானா வெளிய பறந்துடும். ஆனா இது டவுனுக்கு ஆகாது. சத்தம் போடும், பிரேக் நழுவும். இதைப் போடணும்னா வண்டியையும் ஸ்ப்ரிங் வச்சுத் தூக்கணும். உனக்கு நடு சைஸ் போதும் லா."

நடு சைஸ்! கனகசபை அங்கிளிடம் நடு சைஸோடு போய் நிற்பதா? "முப்பத்து மூணு" என்றேன்.

அப்புறம் அலங்காரம் ஆரம்பித்தது. முன்னால் மாடு முட்டினாலும் தாங்கும் இரும்புச் சட்டம், வெள்ளியா கறுப்பா என்றார். வெள்ளி டாக்ஸிக்காரர் தேர்வு என்று கறுப்பு சொன்னேன். கூரைமேல் நான்கு விளக்கு. ஆற்றைக் கடக்கும்போது இஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்கக் கூரைவரை நீளும் மூச்சுக்குழாய். (கிள்ளானில் வெள்ளம் வந்தால் உதவும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பின்னாளில் வெள்ளம் வந்தபோது பயந்துபோய் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தவன் நான்.) கடைசியில், கதவுக்குக் கீழே ஏறி இறங்கப் பொருத்தியிருந்த படிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"காட்டுக்காரங்க இதைக் கழட்டிடுவாங்க. பாறையில இடிக்கும். உன் வண்டியில பொம்பளைங்க ஏறுவாங்களா?"

"சேச்சே, நான் மட்டும்தான். கழட்டிடுங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் வேறெதையும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை முன் இருக்கையில் ஏற்றவே பக்கத்து வீட்டு அக்கா பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. "என்னடா இது, லோரி மாதிரி இருக்கு" என்றபடி ஏறிய அம்மா, ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்க இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். டயர் போட்ட சத்தத்தில் அம்மா சொன்ன கந்தசஷ்டி கவசம் எனக்குக் கேட்கவில்லை. முருகனுக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் அங்கிள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டியில் வாசலுக்கு வந்தார். ஆன்டி காஞ்சிபுரம் பட்டு. தேவகி மாம்பழ நிறச் சேலை. மூவரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு வண்டியின் தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தம்பி, படி எங்க?" என்றார் அங்கிள்.

"காட்டுல இடிக்கும்னு கழட்டிட்டேன் அங்கிள்."

"எந்தக் காட்டில?"

ஆன்டி சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைக் கொண்டு வந்தார். முதலில் அம்மாவை இறக்கினோம். இருக்கையை மடக்கினோம். முக்காலி மேல் ஆன்டி, ஆன்டியின் கையை அங்கிள் பிடிக்க, முழங்கையை நான் தாங்க, பட்டுச் சேலை கதவுப் பூட்டில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம். அங்கிள் வேட்டியை ஒரு கையால் காப்பாற்றிக்கொண்டு மறு கையால் ஏறியதை நான் பார்க்காத மாதிரி எதிர்வீட்டுப் பூந்தொட்டியைப் பார்த்தேன். தேவகி மட்டும் சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி ஏறி, "சூப்பர் வண்டி" என்று என் காதில் சொன்னாள். அதிலிருந்த கேலி அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் அம்மாவை மறுபடி ஏற்றினோம். முக்காலியையும் ஏற்றினோம், இறங்க வேண்டுமே.

கோயில் வாசலில் அரைமணி நேரம் காத்திருந்தோம். ஐயர் பூஜைச் சாமான்களோடு வந்தார். இஞ்சின் மூடியில் விபூதிப் பட்டை போட அவருக்குக் கை எட்டவில்லை. எம்பிப் பார்த்தார். பிறகு மனம் தேறி, இரும்புச் சட்டத்துக்குப் போட்டார். மாலையை மூச்சுக்குழாயில் தொங்கவிட்டார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நான்கு எலுமிச்சம்பழங்களைக் குங்குமத்தில் நன்றாகப் புரட்டி, நான்கு டயருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார்.

"மெதுவா முன்னால எடுங்க. பழம் நசுங்கணும், அவ்வளவுதான். எல்லாத் திருஷ்டியும் போயிடும்."

அங்கிள் குடும்பமும் அம்மாவும் வண்டியின் முன்பக்கம் வரிசையாக நின்றார்கள். நான் வண்டியை எடுத்தேன். நிறுத்தினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். ஐயர் குனிந்து டயருக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பழம் உருண்டு சாக்கடைக்குப் போயிருந்தது. மற்ற மூன்றும் டயரின் பள்ளங்களுக்குள், அளவெடுத்துத் தைத்த மாதிரி, சுகமாக உட்கார்ந்திருந்தன. ஒரு கீறல் இல்லை.

"பின்னால எடுங்க" என்றார் ஐயர்.

எடுத்தேன். பழங்கள் டயரோடு மேலே போய், சுற்றிக் கீழே வந்து, முழுதாகவே இருந்தன. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். கூட்டம் கூடிவிட்டது. "பாஸ், லெஃப்ட்ல ஒடிங்க!" என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒடித்தேன். டயர் மட்கார்டில் உரசிக் கிரீச்சிட்டது, பழம் அசையவில்லை.

"நாப்பது வருஷமாப் பூஜை போடறேன். பஸ், லோரி, புல்டோசருக்கெல்லாம் போட்டிருக்கேன். இப்படிப் பார்த்ததில்லை" என்றார் ஐயர். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அம்மாவின் முகம் வெளிறிப்போய்விட்டது. அங்கிள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டயருக்கு அருகே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில், இரண்டு வருடமாகத் தேடிய காரணம் கைக்குக் கிடைத்த நிம்மதி தெரிந்தது. "சகுனம் சரியில்லைப் போல" என்று ஆன்டியிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தேவகி இல்லாத ஒரு வாழ்க்கையை, அந்த முட்டாள் டயரால் நானே வரவழைத்துக்கொண்டேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

பதற்றத்தில் ரிவர்ஸில் போட்டு ஆக்ஸிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தினேன். கோயில் வாசலில் சரளைக்கல். டயர் பிடி கிடைக்காமல் நின்ற இடத்திலேயே சரசரவென்று சுற்றியது.

ஆ சோங் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேகமாகச் சுற்றினால் உள்ளே மாட்டியது தானாக வெளியே பறக்கும்.

பறந்தது. முன் டயரிலிருந்து கிளம்பிய ஒரு பழம், அம்மாவைத் தாண்டி, ஐயரைத் தாண்டி, கனகசபை அங்கிளின் வயிற்றில், மிகச் சரியாக நடுவில், 'பொத்' என்று விழுந்தது. அங்கிள் "ஆ!" என்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வட்டமாகக் குங்குமம்.

பழம் அப்போதும் நசுங்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

நான் இஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தால் முக்காலி வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. அப்போது யாரோ சிரிக்கிற சத்தம். தேவகி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கோயில் வாசல் என்றும் பாராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே போய், அப்பாவின் காலடியில் கிடந்த பழத்தை எடுத்துச் சரளைமேல் வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். குதிகாலால் ஒரே மிதி. சாறு நாலாபக்கமும் தெறித்தது.

"நசுங்கிட்டுது. போவமா அப்பா?" என்றாள்.

அங்கிள் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிதிபட்ட பழத்தைப் பார்த்தார். அவர் உதடு துடித்ததைக் கோபம் என்றுதான் நினைத்தேன். திடீரென்று அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்கச் சேவையில் முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. ஆன்டி முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"பிள்ளையே மிதிச்சு முடிச்சிட்டுது. இனி நான் கதைக்க என்ன கிடக்கு?" என்றார். "வாங்கோ, நாள் வைப்பம். ஆனா தம்பி, இந்த டயரில என்ர மகளை ஏத்திக்கொண்டு போகேலாது."

திங்கட்கிழமை மாலை நான் சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு ஆ சோங் கடையில் நின்றேன். ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் பழத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "காட்டுக்குப் போறியா, சமைக்கப் போறியா?" என்றார் அவர். பழம் எந்தப் பக்கமும் நுழையாத இருபத்தெட்டு அங்குல டயரைத் தேர்ந்தெடுத்தேன். படிக்கட்டும் திரும்ப வந்தது, இரண்டு பக்கமும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் பூஜைக்கு ஒரு தனி முறை உண்டு. வண்டி நகருமுன் தேவகி ஒரு பழத்தைக் குதிகாலால் மிதிப்பாள். மீதிப் பேர் எல்லோரும் கோயில் தூணுக்குப் பின்னால் போய், இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நிற்போம். யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி.

சென்ற ஆண்டு எங்கள் மகள் கார் வாங்கினாள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனின் பெற்றோரும் வந்திருந்தார்கள். நாங்கள் தூணுக்குப் பின்னால் போவதைப் பார்த்து அவர்களும் பயபக்தியோடு வந்து, வயிற்றில் கைவைத்து நின்றார்கள். தேவகி மிதித்தாள், வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது.

"உங்க சம்பிரதாயம் ரொம்ப அழகா இருக்கு" என்றார் சம்பந்தியம்மா, கண்களை மூடிக்கொண்டே. "எத்தனை தலைமுறையா நடக்குது?"

தொண்ணூறைத் தொட்டுவிட்ட கனகசபை மாமா, வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "என்னில இருந்துதான் தொடங்கினது."